செவ்வணிலைக் கொன்றது எது? பிரித்தானிய அணிற் சாவுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொள்ளைநோய்களின் வரலாறு நெடுங்காலமாக மனிதரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 14 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சூறையாடிய கருஞ்சாவும், 16 ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகளை வீழ்த்திய பெரியம்மையும் வரலாறு பயிலும் எவருக்கும் அறிமுகமானவை. காட்டுயிர்களின் சாவோ விலங்கியலாளரின் தனிப்பட்ட அக்கறைக்குரிய பொருளென ஒதுக்கப்பட்டது. எனினும், ஒரு விலங்கினம் எவ்வாறு மடிந்தது என்னும் வினாவுக்கு விடை காண முற்படும்போது எழுகின்ற சிக்கல்கள் வரலாற்றாசிரியன் நாள்தோறும் எதிர்நோக்கும் சிக்கல்களே. சான்று சொல்பவன் யார், அவன் கண்டது என்ன, அவன் கையாண்ட சொல் அக்காலத்தில் எதனைக் குறித்தது, உடன்நிகழ்ந்தது எது, காரணமாயமைந்தது எது என்பனவே அவை. பிரித்தானியத் தீவுகளிற் செவ்வணில் மடிந்த கதை இவ்வகையில் ஊன்றி நோக்கத்தக்கது. அக்கதையில் ஒரு நூற்றாண்டுக் காலத்தினுள் மூவர்மீது கொலைக்குற்றம் சுமத்தப்பட்டது: கடல் கடந்து வந்த சாம்பல் அணில், குடலில் வாழும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி, அம்மையைத் தோற்றுவிக்கும் ஒரு வைரசு. இக்குற்றச்சாட்டுகள் எத்தகைய சான்றின்மீது எழுந்தன, அவற்றுள் எது எவ்வளவுக்கு நிலைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் முற்றத்து அணில் முதுகில் மூன்று வரிகளைத் தாங்கியது. இராமபிரான் தடவிக்கொடுத்த விரல்களின் தடமென்று பாட்டிமார் அதற்குக் கதை சொல்வர். ஐரோப்பியச் செவ்வணிலுக்கு வரிகள் இல்லை. செம்பட்டை நிற உடலும், குளிர்காலத்திற் செவி நுனியில் நீண்டு நிற்கும் மயிர்க்கற்றையும் அதன் அடையாளங்கள். பிரித்தானியாவிலிருந்து பசிபிக் கரைவரை பரந்துகிடக்கும் காடுகளெங்கும் அது வாழ்கின்றது. கீழை வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சாம்பல் அணில் அதனினும் பருத்தது; நிலத்தில் இறங்கி இரை தேடுவதில் வல்லது; ஓக் மரத்தின் விதைகளைச் செவ்வணிலைவிட நன்கு செரிக்கக்கூடியது. 2018 ஆம் ஆண்டு மதிப்பீடொன்றின்படி பிரித்தானியாவில் வாழும் சாம்பல் அணில்கள் ஏறத்தாழ 27 இலட்சம். செவ்வணில்களோ 3 இலட்சத்திற்கும் குறைவு. அவற்றுட் பெரும்பாலானவை ஸ்கொத்லாந்தில் எஞ்சியுள்ளன. இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒருசில தீவுகளில் மட்டுமே அவற்றைக் காணலாம்.

இவ்வீழ்ச்சியின் கதையைச் சாம்பல் அணிலின் வருகையோடு தொடங்குவதே வழக்கம். அவ்வாறு தொடங்குவது பிழையான எண்ணத்தை ஏற்படுத்தும். செவ்வணிலின் வரலாற்றை முறையாகத் தொகுத்த ஸ்கொத்லாந்து இயற்கை ஆய்வாளர் ஹார்வி பிரௌன், 1880-81 இல் வெளிவந்த தமது நீண்ட ஆய்வில், அவ்விலங்கு ஒருமுறை ஏலவே அழிவின் விளிம்புக்குச் சென்று மீண்டதை எடுத்துக்காட்டினார். காடழிப்பின் விளைவாக 18 ஆம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்தின் பெரும்பகுதியிற் செவ்வணில் அற்றுப்போயிற்று. 1772 ஆம் ஆண்டளவில் டல்கீத் என்னும் இடத்தில் அது வெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்டது. பின்னர் வேறு பண்ணைகளிலும் அவ்வாறே செய்யப்பட்டது. புதிதாக நடப்பட்ட ஊசியிலைக் காடுகள் வளர, அணிலும் பெருகியது. பெருகவே, மரப்பட்டையை உரிக்கும் பீடையென அது தூற்றப்பட்டது. 1903 இல் நிலவுடைமையாளர் ஒன்றுகூடி உயர்நில அணிற் கழகம் என ஓர் அமைப்பை நிறுவினர். அதன் நோக்கம் அணிலைப் பேணுவதன்று, கொல்வதாகும். 1946 வரையில் அதன் உறுப்பினர்கள் கொன்ற செவ்வணில்கள் ஓர் இலட்சம் வரையிலாம். இன்று அந்நாட்டவர் கண்ணீர் மல்கக் காப்பாற்ற முனையும் உயிரினத்துக்கு நேற்று வாலுக்கு விலை பேசப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

சாம்பல் அணில் வந்த கதை சுருக்கமாகக் கூறற்பாலது. 1876 இல் செஷயர் மாவட்டத்து ஹென்பரிப் பூங்காவில் அது விடப்பட்டதே ஆவணச் சான்றுள்ள முதல் நிகழ்ச்சியாகக் கொள்ளப்படுகின்றது. 1890 இல் பெட்போட் கோமகனின் வூபேண் பூங்காவில் விடப்பட்டவை பெருகி, அங்கிருந்து நாட்டின் பல பகுதிகளுக்கும் அன்பளிப்புகளாக அனுப்பப்பட்டன. அயர்லாந்துக்கு 1911 இல் அது சென்றது. செல்வர் தம் பூங்காக்களை அலங்கரிக்க விரும்பியதன்றி இதற்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி, சாவுகள். ஏறத்தாழ 1900 முதல் 1925 வரையான காலத்திற் பிரித்தானியாவின் பல பகுதிகளிற் செவ்வணில்கள் திடீரெனக் குறைந்தன. அவை மரத்தடிகளிற் சோர்ந்து கிடந்தன என்றும், கண்களிலிருந்து நீர் வடிந்தது என்றும், முகத்திற் பொருக்குப் படிந்திருந்தது என்றும் வேட்டைக் காவலரும் கிராமத்து இயற்கை ஆர்வலரும் எழுதிவைத்தனர். அவர்கள் நோய்க்கு இட்ட பெயர்கள் பல. ஒருவர் சொறி என்றார். இன்னொருவர் காசம் என்றார். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் போன்றதென்றார் வேறொருவர். இச்சொற்களை இன்றைய மருத்துவப் பொருளில் வாசிப்பது தகாது. வேட்டைக் காவலன் அறிந்த நோய்கள் அவனது நாய்க்கும் ஆட்டுக்கும் வருபவையே. அணிலின் முகத்திற் கண்ட புண்ணுக்குத் தான் அறிந்த பெயரொன்றை அவன் கொடுத்தான். ஆயினும் அவன் கண்டது பொய்யன்று. பெயரை நீக்கிவிட்டு வருணனையை மட்டும் எடுத்துக்கொண்டால், கண், வாய், மூக்கு ஆகியவற்றைச் சூழ்ந்த புண்ணும் பொருக்கும் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். இவ்விபரம் அரை நூற்றாண்டுக்குப் பின்னரே உரிய மதிப்பைப் பெற்றது.

அக்காலத்து ஆய்வாளர் சிலர் செவ்வணிலின் சடலத்தை அறுத்து நோக்கினர். குடலில் அவர்கள் கண்டது கொக்சிடியா. இது புரொட்டோசோவா வகுப்பைச் சேர்ந்த ஒட்டுண்ணி, ஒருகல உயிர். அணிலின் குடற்சுவர்க் கலங்களினுட் புகுந்து பெருகி, அக்கலங்களை உடைத்து வெளியேறும். அதன் முட்டைபோன்ற பருவம் எச்சத்தோடு வெளிப்பட்டு, மண்ணில் ஈரமும் காற்றும் பெற்று முதிர்ந்து, உணவோடு மற்றோர் அணிலின் வாய்க்குட் செல்லும். தொற்று மிகுந்தால் வயிற்றுப்போக்கும் மெலிவும் இறப்பும் நேரலாம். அணிலின் குடலில் வாழும் இத்தகைய ஓர் இனத்துக்கு 1922 இல் சுவிற்சர்லாந்து அறிஞர் காலி வலேரியோ 'ஐமீரியா சியுரோரம்' எனப் பெயரிட்டார். செவ்வணிலை அழித்தது கொக்சிடியா நோயே என்னும் கருத்து அறிஞரிடையே வேரூன்றிப் பல பத்தாண்டுகள் நிலவியது.

இக்கருத்து ஏன் அத்துணை எளிதில் ஏற்கப்பட்டது என்று கேட்பது பயனுடையது. அதற்கு ஒரு பின்னணி உண்டு. ஸ்கொத்லாந்துச் செல்வர் வேட்டையாடும் குறவுஸ் என்னும் பறவை அவ்வப்போது கூட்டங்கூட்டமாக மடிந்தது. அதன் காரணத்தை அறிய அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1911 இல் பெரியதோர் அறிக்கையை வெளியிட்டது. வளர்ந்த பறவைகளைக் கொல்வது குடலில் வாழும் ஒரு வட்டப்புழுவென்றும், குஞ்சுகளைக் கொல்வது கொக்சிடியா என்றும் அது முடிவு செய்தது. கொக்சிடியா பற்றிய பகுதியை ஆராய்ந்தவர் ஃபான்தம். பறவைகளை ஆயிரக்கணக்கில் அறுத்து ஆராய்ந்த பணியில் முதன்மை பெற்றவர் எட்வேட் வில்சன். அறிக்கை வெளிவந்த மறு ஆண்டிற் கப்டன் ஸ்கொட்டுடன் தென்துருவப் பனியில் உயிர்நீத்தவர் அவரே. காட்டுயிர்களின் நோயை விரிவாகவும் முறையாகவும் ஆராய்ந்த அக்காலத்துப் பெருமுயற்சி இதுவாதலின், அதன் முடிவுகள் ஒரு தலைமுறையின் சிந்தனையை ஆட்கொண்டதில் வியப்பில்லை. மேலும், அன்றைய ஆய்வாளனின் கையில் இருந்த கருவி ஒளி நுணுக்குக்காட்டி. அக்கருவியாற் கொக்சிடியாவைக் காணலாம். வைரசைக் காண இயலாது. காணக்கூடியதே குற்றவாளியாயிற்று.

இங்கு ஒரு தருக்கப் பிழை மறைந்திருந்தது. இறந்த அணிலின் உடலில் ஒட்டுண்ணி இருந்தது என்பது, அவ்வொட்டுண்ணியே அதனைக் கொன்றது என்பதற்குச் சான்றாகாது. நலமுடன் துள்ளித்திரியும் செவ்வணில்கள் பலவற்றின் குடலிலும் கொக்சிடியா உண்டு. பசியாலோ குளிராலோ வேறு நோயாலோ உடல் தளர்ந்த வேளையில், அதுவரை அடங்கியிருந்த ஒட்டுண்ணி தலையெடுக்கும். சடலத்தை அறுப்பவன் கண்ணுக்கு அதுவே முதலிற் படும். முதலாம் உலகப்போர்க் காலத்திற் பிரித்தானியக் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. 1919 இல் காடு வளர்ப்புக்கெனத் தனி ஆணைக்குழுவொன்றை நிறுவவேண்டிய அளவுக்கு அந்நிலை முற்றியிருந்தது. 1916-17 ஆம் ஆண்டுக் குளிர்காலமும் கொடியதாக இருந்தது. இவற்றையெல்லாம் விடுத்துக் குடலிற் கண்ட ஒட்டுண்ணியின்மீது முழுப்பழியையும் சுமத்துவது, அரசு வீழ்ந்த அன்று வாயிலிற் காவல் நின்றவனையே வீழ்ச்சிக்குக் காரணமெனல் போலும்.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பணியாற்றிய மிடில்டன் என்பார் 1930 இலும் 1931 இலும் சாம்பல் அணில் பற்றிய தமது ஆய்வுகளை வெளியிட்டார். நாடெங்கும் இருந்து செய்திகளைத் திரட்டிய அவர், சாம்பல் அணில் இன்னும் எட்டாத இடங்கள் சிலவற்றிலும் செவ்வணில் மறைந்திருந்ததைக் கவனித்தார். பொதுமக்களிடையே பரவியிருந்த கதைக்கு இது ஒத்துவரவில்லை. அக்கதையின்படி, சாம்பல் அணில் செவ்வணிலைத் துரத்திக் கடித்துக் கொன்றது. அந்நியன் மண்ணின் மைந்தனை விரட்டினான். இப்படிமம் எவ்வளவு வலிமை வாய்ந்ததென்றால், 1937 இல் சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதையும் வளர்ப்பதையும் தடைசெய்யும் ஆணை பிறப்பிக்கப்பட்டது. 1950களில் வாலொன்றுக்கு ஒரு சிலிங் என அரசு வெகுமதி வழங்கியது. 1958 இல் வெகுமதி கைவிடப்பட்டபோதும் சாம்பல் அணில் பரவிக்கொண்டே இருந்தது. மொனிக்கா ஷோட்டன் 1954 இல் வெளியிட்ட 'அணில்கள்' என்னும் நூலும், சார்ள்ஸ் எல்டன் 1958 இல் அந்நிய உயிரினப் படையெடுப்புகள் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலும் இப்பரம்பலை விரித்துரைத்தன. செவ்வணில் மறையும் இடத்திற் சாம்பல் அணில் தோன்றுகிறது என்பது தெளிவாயிற்று. எவ்வாறு என்பது தெளிவாகவில்லை. இரண்டும் நேருக்கு நேர் போரிடுவது அரிது. ஒன்றை ஒன்று கொல்வது அதனினும் அரிது.

1962 இல் எட்வேட்ஸ் என்னும் ஆய்வாளர் செவ்வணில் நோய் பற்றி விலங்கு மருத்துவ ஏடொன்றில் எழுதினார். 1968 இல் விசோசோ அதனை விரிவாக ஆராய்ந்தார். 1981 இல் ஸ்கொட், கீமர், லப்ரம் ஆகிய மூவர், இறந்த செவ்வணிலின் தோற்புண்ணிலிருந்து எடுத்த இழையத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கி, அம்மை வகுப்பைச் சேர்ந்த ஒரு வைரசைக் கண்டமையை வெளியிட்டனர். கண்ணிமையிலும் உதட்டிலும் மூக்கிலும் விரல்களிலும் புண், அதன்மேற் பொருக்கு, கண் மூடிப்போதல், சோர்வு, பெரும்பாலும் இரு வாரங்களினுட் சாவு. வேட்டைக் காவலரின் பழைய குறிப்புகளை அருகே வைத்து வாசிப்பவர்க்கு இவ்வருணனை புதியதாகத் தோன்றாது. கண்களிலிருந்து நீர் வடிந்தது, முகத்திற் பொருக்குப் படிந்திருந்தது என அவர்கள் எழுதியது இந்நோயையே என்பது என் கருத்து. சொறி என்ற சொல் பிழையாயினும் சாட்சியம் செம்மையானதே.

வைரசை ஒட்டுண்ணி எனலாமா என்று விலங்கியல் பயில்வோர் வினவக்கூடும். பழைய பாடநூல்கள் புழுக்களையும் புரொட்டோசோவாக்களையும் பேன், உண்ணி முதலியவற்றையுமே அப்பெயரால் வழங்கின. அண்டர்சன், மே என்னும் இருவர் 1979 இல் எழுதிய கட்டுரைகளுக்குப் பின்னர், விருந்துவழங்கியின் உடலினுட் பெருகி வாழும் வைரசு, பற்றீரியா, புரொட்டோசோவா ஆகிய யாவற்றையும் நுண்ணொட்டுண்ணிகள் என ஒருங்கு வைத்து எண்ணும் வழக்கம் சூழலியலில் நிலைபெற்றது. அணிலைப் பொறுத்தவரை இப்பகுப்பே பொருத்தமானது. கொக்சிடியா மீது தொடுக்கப்பட்ட வழக்கும் அம்மை வைரசு மீது தொடுக்கப்பட்ட வழக்கும் ஒரே மன்றில் விசாரிக்கப்படவேண்டியவை.

இரண்டாவது வழக்கில் ஆய்வாளர் முதலாவதிற் செய்யத் தவறியதைச் செய்தனர். இறந்தவற்றை மட்டுமன்றி உயிரோடிருப்பவற்றையும் நோக்கினர். சேன்ஸ்பரி முதலானோர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நோய்க்குறி எதுவுமற்ற சாம்பல் அணில்களில் நூற்றுக்கு அறுபது அளவினவற்றின் குருதியில் இவ்வைரசுக்கெதிரான பிறபொருளெதிரி காணப்பட்டது. செவ்வணில்களில் அது மிக அரிதாகவே இருந்தது. இதன் பொருள் வெளிப்படை: சாம்பல் அணில் தொற்றுக்கு உள்ளாகிப் பிழைக்கின்றது, செவ்வணில் தொற்றுக்கு உள்ளாகி மடிகின்றது, ஆகவே எதிரியைக் குருதியில் ஏந்தியபடி உயிர்வாழும் செவ்வணிலைக் காண்பது அரிது. 2002 இல் டொம்கின்ஸ் முதலானோர் பரிசோதனை மூலம் இதனை உறுதிசெய்தனர். வைரசு செலுத்தப்பட்ட செவ்வணில்கள் நோயுற்றன. சாம்பல் அணில்கள் நோயுறவில்லை. அமெரிக்காவில் வாழும் சாம்பல் அணில்களிலும் இப்பிறபொருளெதிரி காணப்பட்டமை, வைரசு அவற்றோடு கடல் கடந்து வந்தது என்னும் கருத்துக்கு வலுவூட்டியது.

ஸ்கொத்லாந்தின் சான்று இவ்விடத்திற் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அங்கு 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சாம்பல் அணில் விடப்பட்டிருந்தும், செவ்வணில் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. அங்குள்ள சாம்பல் அணில்களில் வைரசின் தடயம் 2005 இலேயே முதன்முதற் கண்டறியப்பட்டது. 2007 இல் தென் ஸ்கொத்லாந்திற் செவ்வணில்கள் அம்மை கண்டு இறந்தன. வரலாற்றாசிரியனுக்கு இத்தகைய வாய்ப்பு எளிதிற் கிட்டுவதில்லை: படையெடுப்பாளன் இருந்தான், ஆனால் நோய் இருக்கவில்லை, பின்னர் நோயும் வந்தது. இரண்டின் விளைவையும் பிரித்து நோக்க முடிகின்றது. கணித மாதிரிகளைக் கொண்டு 2006 இல் வெளிவந்த ஆய்வொன்று, வைரசு உள்ள பகுதிகளிற் செவ்வணிலின் வீழ்ச்சி, வெறும் உணவுப் போட்டி மட்டும் நிலவிய பகுதிகளைவிட 17 முதல் 25 மடங்கு விரைவாக நிகழ்ந்ததென மதிப்பிட்டது.

இவ்வாறு வைரசின் குற்றம் நிறுவப்பட்டதும், வழக்கம்போல் எல்லாவற்றுக்கும் அதுவே காரணமெனச் சொல்லும் போக்கும் தலைகாட்டியது. அதற்கு இத்தாலி மறுமொழி கூறுகின்றது. 1948 இல் தூரின் நகரருகே சாம்பல் அணில்கள் விடப்பட்டன. அங்கே அம்மை நோய் காணப்படவில்லை. ஆயினும் செவ்வணில் பின்வாங்கவே செய்தது. உணவுக்கான போட்டி, குட்டிகளின் வளர்ச்சி குன்றல் ஆகியன மெதுவாகத் தம் வேலையைச் செய்தன. எனவே, சாம்பல் அணில் குற்றமற்றதன்று. வைரசு அதன் குற்றத்தை விரைவுபடுத்தியது எனக் கொள்வதே பொருந்தும்.

பழைய ஒட்டுண்ணி பழைய விருந்துவழங்கியோடு இணக்கமாக வாழும், புதிய விருந்துவழங்கியையே கொல்லும் என்னும் பொதுக்கூற்று இவ்விடத்தில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. 1950 இல் அவுஸ்திரேலியாவில் முயல்களை ஒழிக்கப் பரப்பப்பட்ட மிக்சோமா வைரசை ஃபென்னர் ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்தார். முதலிற் கிட்டத்தட்ட எல்லா முயல்களையும் கொன்ற அவ்வைரசு பின்னர் தணிந்தது, ஆனால் தீங்கற்றதாகிவிடவில்லை. பரவுவதற்குப் போதிய காலம் முயலை உயிரோடு வைத்திருக்கும் அளவிலேயே அதன் கொடுமை நின்றது. கூர்ப்பு இரக்கத்தைத் தோற்றுவிப்பதில்லை.

ஒட்டுண்ணியை ஆயுதமாகக் கொண்டு ஓர் அணிலினம் மற்றோர் இனத்தை வெல்கின்றது என்னும் கருத்து பிரித்தானியாவுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவிற் பறக்கும் அணில்கள் இரு வகையின. தென்னக இனம் வெப்பமான இலையுதிர் காடுகளில் வாழ்வது. வடக்கினம் குளிர்ந்த ஊசியிலைக் காடுகளிலும் தெற்கே அப்பலாச்சிய மலைமுடிகளிலும் வாழ்வது. 1960களிற் பீற்றர் வைகெல் என்னும் ஆய்வாளர் இரண்டையும் அடைப்பிடங்களில் ஒருங்கே வளர்த்தபோது, வடக்கினத்தவை நோயுற்று இறந்தன. தென்னகத்தவை நலமாக இருந்தன. இறந்தவற்றின் குடலில் இருந்தது ஒரு வட்டப்புழு. சாந்த்லர் 1942 இல் தெக்சாசு அணில்களிலிருந்து விவரித்த 'ஸ்ட்ரொங்கிலோயிடிஸ் ரொபஸ்டஸ்'. தென்னக அணில்களும் அப்புழுவைத் தாங்கியிருந்தன. ஒட்டுண்ணியே உயிரியல் ஆயுதமாக அமைகின்றதோ என 1975 இல் வைகெல் வினவினார். புழுவின் இளம்பருவம் வெளியில் மண்ணிலும் எச்சத்திலும் வளர்வதாகையால் கடுங்குளிர் அதற்கு ஆகாது. 1994 இல் வெற்சலும் வைகெலும் வெளியிட்ட ஆய்வு, தாழ்ந்த வெப்பநிலை அதன் வளர்ச்சியைத் தடுப்பதைக் காட்டியது. ஆகவே குளிரே வடக்கு அணிலின் கோட்டை மதில் என்றும், வெப்பம் உயர்ந்தால் மதில் சரியும் என்றும் கருதப்பட்டது.

மிக அழகான விளக்கம் இது. ஆனால் அழகு சான்றாகாது. பின்னர் விஸ்கொன்சின் காடுகளிற் பிடித்துச் சோதிக்கப்பட்ட வடக்கினத்து அணில்கள் சில அப்புழுவைத் தாங்கியும் மெலிவின்றி இருந்தமை 2004 இல் தெரியவந்தது. அடைப்பிடத்தில் நெருக்கமும் அச்சமும் சேர்ந்து கொன்ற புழு, காட்டில் அவ்வாறு கொல்வதில்லைப் போலும். கொக்சிடியா வழக்கிற் கண்ட அதே சிக்கல் வேறோர் உருவில் இங்கும் தோன்றுவதைக் கவனிக்க.

இதுவரை கூறியவற்றில் எங்கும் இரு அணிலினங்கள் எதிரெதிரே நின்றன. எதிரி இல்லாத இடத்தில் நிகழ்வது என்ன? இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவிற் சாம்பல் அணில் நிலைகொள்ளவில்லை. செவ்வணில் அங்கே தனியரசு செலுத்துகின்றது. ஆயினும் அங்கும் அது ஒட்டுண்ணிகளால் மடிகின்றது. அவற்றுள் ஒன்றின் கதை நம் பிராந்தியத்தோடு தொடர்புடையது.

1897 இல் றொனால்ட் றொஸ் இந்தியாவில் நுளம்பின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டபின், குடியேற்ற நாடுகளிற் பணிபுரிந்த மருத்துவர்கள் கைக்கெட்டிய விலங்குகளின் குருதியையெல்லாம் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தனர். இலங்கையிலும் அவ்வேட்கை இருந்தது. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளர் ஆதர் விலேயும், மருத்துவர் அல்டோ கஸ்தெல்லானியும் இந்நாட்டு விலங்குகளின் குருதி ஒட்டுண்ணிகள் பற்றிய தம் அவதானங்களை 1904 இல் நூதனசாலையின் ஏட்டில் வெளியிட்டனர். 1906 இல், இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த பற்றன், வரி அணிலின் வெண்குழியங்களினுள் வாழும் ஓர் ஒட்டுண்ணியை விவரித்தார். அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றோர் ஒட்டுண்ணி 1908 இல் வாஷிங்டன் ஆய்வுகூடமொன்றின் வெள்ளெலிகளைக் கொன்றது. அதனை ஆராய்ந்த மில்லர், எலிகளின் ஈரலில் அது பெருகுவதைக் கண்டு 'ஹெப்பற்றோசோவன்' என்னும் புதிய சாதிப்பெயரையும், கேடு விளைப்பது எனப் பொருள்படும் இனப்பெயரையும் சூட்டினார். அது பரவும் முறையையும் அவரே கண்டார். குருதியை உறிஞ்சும் சிற்றுண்ணியின் உடலில் அது முதிர்கின்றது; அச்சிற்றுண்ணி கடிப்பதால் அன்று, அதனை எலி பிடித்துத் தின்பதாலேயே தொற்று ஏற்படுகின்றது. உடலைச் சுத்தஞ்செய்யும் பழக்கமே நோய்க்கு வாயிலாகின்றது என்பது விந்தையே.

இதே வகை ஒட்டுண்ணியைப் பிரித்தானியச் செவ்வணிலின் குருதியிற் கோல்ஸ் என்பவர் 1914 இல் கண்டார். அக்காலம் செவ்வணில்கள் மடிந்துகொண்டிருந்த காலம். எனினும் எவரும் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொக்சிடியா மீதே எல்லோர் கண்ணும் இருந்தது. 92 ஆண்டுகள் கழித்து, 2006 இல், சிம்சன் முதலானோர் வைட் தீவிற் கிடைத்த அணிற் சடலங்களின் நுரையீரலில் ஹெப்பற்றோசோவன் தொற்றியிருந்ததை விவரித்தனர். அவற்றுட் சிலவற்றின் நுரையீரல் கடுமையாகப் பழுதுற்றிருந்தது. 1914 இன் குறிப்பைப் பின்தொடர ஒருவரேனும் இருந்திருப்பின், செவ்வணிலின் குடலை மட்டும் நோக்கிய தலைமுறை அதன் நுரையீரலையும் நோக்கியிருக்கும்.

மற்றையது டொக்சோபிளாஸ்மா. 1908 இல் தூனிசு நகரில் நிக்கோலும் மான்சோவும் குண்டி எனப்படும் கொறிவிலங்கில் இதனைக் கண்டனர். அதே ஆண்டிற் பிரேசிலில் ஸ்பிளெண்டோர் முயலிற் கண்டார். அது எவ்வாறு பரவுகின்றது என்பது அறுபதாண்டுக் காலம் புதிராகவே இருந்தது. 1970 ஆம் ஆண்டளவில் ஹச்சிசன், ஃபிரெங்கல் முதலானோரின் ஆய்வுகள் பூனையின் குடலிலேயே அதன் பாலியற் பருவம் நிகழ்கின்றதெனவும், பூனையின் எச்சத்தோடு வெளிப்படும் முதிர்ந்த பருவம் மண்ணில் நெடுநாள் உயிர்த்திருக்கின்றதெனவும் காட்டின. மனிதர் பலரின் உடலில் அது தீங்கின்றி உறைகின்றது. செவ்வணிலின் உடலிலோ ஈரல், நுரையீரல், மூளை என எங்கும் பரவி விரைவிற் கொல்கின்றது. 2014 இல் நெதர்லாந்தில் இறந்து கிடந்த செவ்வணில்கள் பலவற்றில் இந்நோய் கண்டறியப்பட்டது. பிரித்தானியச் செவ்வணில்களின் மரணக் காரணங்களைத் தொகுத்து 2013 இல் வெளிவந்த ஆய்விலும் வைட் தீவின் அணில்களைக் கொன்றவற்றுள் ஒன்றாக இது இடம்பெற்றது.

அம்மை நோய் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தின் மேற்குக் கரையில் லிவர்பூலுக்கு வடக்கே ஃபோம்பி என்னும் இடத்துத் தேவதாருக் காடுகளிற் செவ்வணிற் கூட்டமொன்று வாழ்கின்றது. 2008 ஆம் ஆண்டை ஒட்டிப் பரவிய அம்மையில் அக்கூட்டத்தின் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் மடிந்தது. அடுத்த ஆண்டுகளில் எஞ்சியவை மீண்டும் பெருகத் தொடங்கின. அவற்றைப் பிடித்துக் குருதி எடுத்துச் சோதித்தபோது, நலமாயிருந்த சிலவற்றிற் பிறபொருளெதிரி காணப்பட்டது. நோய் வந்து அவை பிழைத்திருந்தன. வேல்சைச் சார்ந்த அங்கிள்சித் தீவில் 1998 முதற் சாம்பல் அணில்கள் பிடித்து அகற்றப்பட்டன. அங்கு எண்ணிக்கையில் நாற்பது அளவுக்குச் சுருங்கியிருந்த செவ்வணில்கள் பின்னர் நூற்றுக்கணக்கிற் பெருகின. சாம்பல் அணில்கள் குறையக் குறைய, எஞ்சிய சாம்பல் அணில்களின் குருதியில் வைரசின் தடயமும் குறைந்து வந்தது. வைட் தீவிலோ அகற்றுவதற்குச் சாம்பல் அணில் இல்லை. அங்கு செவ்வணில் இறந்து கிடக்கும் தோட்டங்களிற் பூனைகள் உலவுகின்றன.